சின்ன காருக்கு ஏர் இன்டேக்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஆக்சஸரி கடையில் போய் ஏர் இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயும் ஃபில்டரும்) கேட்டால், முதலில் எடுத்து வைப்பது சிவப்பு நிறக் கூம்பு ஃபில்டரைத்தான். கூடவே பளபளக்கும் ஓர் அலுமினியக் குழாய், இரண்டு கிளாம்ப். "போட்டுப் பாருங்க சார், பிக்கப் பிச்சுக்கும்" என்பார் கடைக்காரர். அந்தப் பேச்சை நம்பி என் 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்டில் ஒன்றைப் போட்டேன். நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதைக் கழற்றிவிட்டுக் காரோடு வந்த கம்பெனி ஃபில்டர் பெட்டியையே திரும்ப மாட்டினேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தேன். அளந்ததில் தெரிந்தது ஒன்றுதான்: ஃபில்டர் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எந்த இடத்திலிருந்து காற்றை எடுக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதை மனதில் வைத்தே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத சின்ன பெட்ரோல் கார்களைத்தான் முதன்மையாகச் சொல்கிறேன். டர்போ கார்களுக்கு எங்கே மாறுமோ அங்கே குறிப்பிடுகிறேன்.

படி 1: எஞ்சின் எவ்வளவு காற்று குடிக்கிறது?

கணக்கு எளிது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 2018இல் வந்த ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். 1197 சிசி, 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) 83 பிஎஸ் சக்தி. அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 3000 முறை 1.197 லிட்டர் என்றால் சுமார் 3590 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது. 85 முதல் 90 சதவீதம் நிரம்பினாலே நல்ல எஞ்சின். அப்படிப் பார்த்தால் விநாடிக்கு ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டரையை ஒரே விநாடியில் காலி செய்வது மாதிரி.

கேட்கப் பெரிதாக இருந்தாலும், கம்பெனிக்காரர்கள் இதற்குத் தோதாகத்தான் ஃபில்டரை வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, 6000 ஆர்பிஎம் வரை இழுக்கும்போது மட்டும்தான் இந்த அளவு தேவை. ஊருக்குள் 2000 ஆர்பிஎம்மில் போகும்போது த்ராட்டில் தகடு (ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் திறக்கும் காற்று வாயில்) முக்கால்வாசி மூடியே இருக்கும். காற்றைத் தடுப்பது அந்தத் தகடு, ஃபில்டர் அல்ல. ஆகையால் தினசரி ஓட்டத்தில் ஃபில்டரை மாற்றி மைலேஜ் கூட்டலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்தது. நவீன ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைபட்ட ஃபில்டரால்கூட மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது என்று கண்டது. அடைத்த ஃபில்டரே மைலேஜைத் தொடவில்லை என்றால், புது ஃபில்டரை எடுத்துவிட்டு விலை கூடிய ஃபில்டரைப் போடுவதால் என்ன வந்துவிடப் போகிறது?

படி 2: உங்களுக்கு வேண்டியது எது?

சத்தமா, பிக்கப்பா, கழுவிக் கழுவிப் பல வருடம் ஓட்டக்கூடிய ஃபில்டரா? மூன்றும் நியாயமான ஆசைதான். ஆனால் மூன்றுக்கும் வேறு வேறு பொருள் வேண்டும். சத்தம் மட்டும் போதும் என்பவர் பிக்கப் வாக்குறுதிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பிக்கப் வேண்டும் என்பவர் சத்தத்தைக் கேட்டு ஏமாறாமல் இருக்க வேண்டும். எஞ்சின் காற்றை உறிஞ்சும் ஒலி கேபினுக்குள் வந்தாலே வண்டி வேகமாகப் போவதுபோல் தோன்றும். எனக்கு முதல் இரண்டு வாரம் அப்படித்தான் தோன்றியது.

படி 3: பானெட்டைத் திறந்து, காற்று வரும் வழியைக் கையால் தொட்டுப் பாருங்கள்

எஞ்சின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள். த்ராட்டில் பாடியிலிருந்து பின்னோக்கிப் போங்கள்: மடிப்பு மடிப்பான ரப்பர் ஹோஸ், ஏர் பாக்ஸ், அதற்கு முன்னால் ஒரு மூக்குக் குழாய். அந்த மூக்கு எங்கே முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது ரேடியேட்டருக்கு மேலே கிரில்லை ஒட்டி அல்லது ஹெட்லைட்டுக்குப் பின்னால், வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கும். அதாவது "கோல்ட் ஏர் இன்டேக்" என்று காசு வாங்கும் விஷயம் பெரும்பாலும் உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கிறது.

வழியில் ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் டப்பா ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது ரெசனேட்டர்; சத்தத்தைக் குறைக்கவும் காற்றின் துடிப்பைச் சமன் செய்யவும் வைத்தது. தேவையில்லாத டப்பா என்று பிடுங்கிப் போடாதீர்கள். இரண்டு விஷயங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, குழாயில் வயரோடு ஏதாவது சென்சார் இருக்கிறதா என்பது. மற்றொன்று, எஞ்சின் மேல்மூடியிலிருந்து வந்து இந்தக் குழாயில் சேரும் ப்ரீதர் ஹோஸ். இரண்டுமே பின்னால் தேவைப்படும்.

படி 4: அளப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சில நூறு ரூபாயும் போதும்.

முதல் அளவு, காற்றின் சூடு. புளூடூத் ஓபிடி ஸ்கேனரை (காரின் சென்சார் எண்களைப் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி) ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, போனில் இன்டேக் ஏர் டெம்பரேச்சர் என்ற எண்ணைப் பாருங்கள். சில கார்களில் இந்த சென்சார் இன்டேக் மேனிஃபோல்டிலேயே இருப்பதால் எஞ்சின் சூட்டையும் சேர்த்துக் காட்டிவிடும். அப்படித் தெரிந்தால், ஒயரில் முனை தொங்கும் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, அந்த முனையை ஏர் பாக்ஸின் வாய்க்குள் டேப் போட்டு ஒட்டுங்கள்; டிஸ்ப்ளே டேஷ்போர்டுக்கு வரட்டும். இரண்டு நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றபோது ஒருமுறை, ஹைவேயில் 80இல் சீராகப் போகும்போது ஒருமுறை. வெளிக்காற்றின் சூட்டையும் பக்கத்தில் எழுதுங்கள். ஹைவே எண் வெளிக்காற்றைவிட ஐந்து, பத்து டிகிரிதான் கூடுதல் என்றால் கம்பெனி மூக்கு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

இரண்டாவது அளவு, தடை; அதாவது ஃபில்டரும் அதன் வழியும் காற்றை எவ்வளவு தடுக்கின்றன என்பது. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் இருக்கிறதல்லவா, அதேதான். உள்ளே தண்ணீர் தெரியும் மூன்று மீட்டர் பிளாஸ்டிக் டியூபை ஒரு பலகையில் U வடிவில் கட்டுங்கள். இரண்டு பக்கமும் குறைந்தது ஒரு மீட்டர் உயரம் இருக்கட்டும். பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்தே இருக்கும். மற்ற முனையை இன்னொரு டியூப் வழியாக, ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ப்ரீதர் ஹோஸ் சேரும் இடத்தில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு இணையுங்கள். பலகையைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். காலியான சாலையில், இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஆர்பிஎம் உச்சத்தைத் தொடும்போது, இரண்டு பக்கத் தண்ணீருக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று அவர் பார்த்துச் சொல்வார். ஓட்டுபவர் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது.

இப்போது அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று பார்ப்போம். வளிமண்டல அழுத்தம் என்பது ஏறக்குறைய பத்து மீட்டர் தண்ணீர் உயரம். அப்படியானால் டியூபில் 10 செ.மீ. வித்தியாசம் என்பது ஒரு சதவீத அழுத்தம். ஏறக்குறைய ஒரு சதவீத சக்தி. சூட்டுக் கணக்கு வேறு மாதிரி. 35 டிகிரி காற்று 3 டிகிரி ஏறினால் அடர்த்தி ஒரு சதவீதம் குறையும். சக்தி அதே அளவு விழாது. சோதனைக்கூடங்கள் பயன்படுத்தும் திருத்தக் கணக்குப்படி சுமார் 5 டிகிரிக்கு ஒரு சதவீதம். ஆக, 10 செ.மீ. தண்ணீரும் 5 டிகிரி சூடும் தராசில் ஏறக்குறைய ஒரே எடை.

உங்கள் டியூப் 20 செ.மீ. காட்டியது என்று வைத்துக்கொள்வோம். உலகத்திலேயே சிறந்த இன்டேக்கை மாட்டி அந்தத் தடையை முழுக்கப் பூஜ்யமாக்கினாலும் கிடைப்பது இரண்டு சதவீதம். 83 பிஎஸ்ஸில் அது ஒன்றரை பிஎஸ் சொச்சம். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் பெரிது. அதே நேரத்தில் அந்த ஃபில்டர் பானெட்டுக்குள் 20 டிகிரி கூடுதல் சூடான காற்றை இழுத்தால் நான்கு சதவீதம் போய்விடும். போதாக்குறைக்கு, சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வராமல் இருக்க ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இக்னிஷனைத் தள்ளிப் போடும். அதிலும் கொஞ்சம் இழுவை போகும். என் கூம்பு ஃபில்டரில் கோவை காந்திபுரம் சிக்னலில் ஏப்ரல் மதியம் 60 டிகிரியைத் தாண்டியது. பச்சை விழுந்து கிளம்பும்போது வண்டி சோம்பியதற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது.

அளவு முடிந்ததும், கம்பெனி பேப்பர் ஃபில்டர் புதிது ஒன்றைப் போட்டு இன்னொரு முறை டியூபைப் பாருங்கள். பழைய ஃபில்டருக்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் உங்கள் பிரச்சினை சில நூறு ரூபாயில் தீர்ந்துவிட்டது.

படி 5: வகையைத் தேர்வு செய்வது

கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே உட்காரும் மாற்று ஃபில்டர். தட்டையானது, அதே அளவு. கே அண்ட் என், பி.எம்.சி. போன்றவை எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் செய்கின்றன. பைப்பர்கிராஸ் ஃபோமில் செய்கிறது. குளிர்ந்த காற்று வரும் வழி அப்படியே இருக்கும், சென்சார் நகராது, பத்து நிமிட வேலை. சக்தி கூடியது என்று உணர முடியாது. கழுவிப் பயன்படுத்தலாம் என்பதே உண்மையான பலன். சின்ன காருக்கு ஏதாவது மாற்றியே ஆகவேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பானெட்டுக்குள் திறந்து நிற்கும் கூம்பு ஃபில்டர். சத்தம் கிடைக்கும், சூடும் கிடைக்கும். தடுப்புத் தகடு வைத்தாலும் நிற்கும் வண்டியில் சூடு சுற்றிவந்து சேர்ந்துவிடும். நெரிசலில் ஓட்டும் காருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூடிய பெட்டியோடு வரும் கிட். பெட்டிக்கு கிரில் பக்கத்திலிருந்து தனிக் குழாய் வரும். ஒழுங்காகச் செய்யப்பட்டது என்றால் நல்ல ஏற்பாடு. சத்தமும் ஓரளவு கிடைக்கும். விலைதான் கடி. டர்போ கார்களில் ஈசியூ ரீமேப்பும் (சக்தி கூட்ட அதன் மென்பொருளை மாற்றுவது) செய்யப் போகிறவர்களுக்கு இது பொருந்தும். அங்கே காற்றின் தேவை கூடுகிறது. டர்போவுக்கு முன்னால் இருக்கும் தடை குறைந்தால் டர்போவும் இலகுவாகச் சுழலும். ரீமேப் இல்லாத டர்போ காரில், ஈசியூ தான் நினைத்த பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) தானே பிடித்துக்கொள்வதால் பெரிய மாற்றம் தெரியாது.

பம்பருக்குக் கீழே அல்லது ஃபெண்டருக்குள் ஃபில்டரை இறக்கி வைக்கும் நீளமான கோல்ட் ஏர் இன்டேக். காற்று உண்மையிலேயே குளிர்ச்சி. ஆனால் தரைக்கு அருகில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. காற்றோடு தண்ணீரையும் இழுக்கும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய வெள்ளம்கூட வேண்டாம். ஒரு சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர் போதும். இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டர் சுமார் 300 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் ஏறக்குறைய 30 மில்லி. இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளையும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் அடிக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி இந்தச் சேதத்தைப் பொதுவாக ஏற்காது. எஞ்சின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் கவர் வேண்டும். மழைக்குத் தண்ணீர் தேங்கும் ஊரில் இருப்பவர் இந்த வகையை வாங்காமல் இருப்பதே நல்லது.

படி 6: சென்சாரும் ப்ரீதரும்

படி 3இல் எடுத்த போட்டோவைப் பாருங்கள். ஃபில்டருக்கு அடுத்தபடியாகக் குழாயில் வயரோடு இருப்பது மேஃப் சென்சாராக இருக்கலாம். உள்ளே போகும் காற்றின் அளவை ஈசியூவுக்குச் சொல்வது அது. டீசல் கார்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். அது இருந்தால் குழாயின் விட்டம் மாறக் கூடாது. 63 மி.மீ. இருந்த இடத்தில் 70 மி.மீ. போட்டால் பரப்பு 23 சதவீதம் கூடும், அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகச் சொல்லும், கலவை லீனாகும் (காற்றுக்குத் தேவையான எரிபொருள் குறையும்). அளவுக்கு மீறி எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரும் இந்த சென்சாரின் மெல்லிய கம்பியில் எண்ணெயைப் படியவைத்துக் கெடுக்கும். மேஃப் உள்ள காருக்கு எண்ணெய் இல்லாத உலர் ஃபில்டர்தான் நிம்மதி. மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் கொண்ட கார்களில் இந்தத் தொல்லை குறைவு.

ப்ரீதர் ஹோஸுக்குப் புதுக் குழாயில் சரியான அளவு மூக்கு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லாத கிட்களோடு ஒரு குட்டி ஃபில்டரைக் கொடுத்து எஞ்சின்மேல் செருகச் சொல்வார்கள். எஞ்சின் ஆயில் புகை பானெட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் பிசுபிசுப்பாக்கும். புகை விதிகளுக்கும் அது ஒவ்வாது. அந்த கிட்டை வாங்காதீர்கள்.

படி 7: தூசி

எனக்கு மிகவும் வருத்தம் தந்த பகுதி இது. நாலாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு அந்தக் கூம்பைக் கழற்றி, ஃபில்டருக்குப் பின்னால் இருந்த அலுமினியக் குழாயின் உட்பக்கம் விரலை ஓட்டினேன். விரல் நுனியில் செம்மண் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியது. இரண்டு விரலைத் தேய்த்தால் நறநறவென்றது. ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்த தூசி அது. கல் குவாரி லாரிகளும் எம்-சாண்ட் லாரிகளும் ஓடும் சாலையில் தினம் போய்வருபவன் நான். அந்தத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

ஃபில்டர் சோதனைக்கு ஐஎஸ்ஓ 5011 என்ற தரமுறை இருக்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் அதன்படி எத்தனை சதவீதம் தூசி பிடித்தது, எவ்வளவு தடை என்று இரண்டையும் சொல்வார்கள். ஒன்றை மட்டும் சொன்னால் மற்றதைக் கேளுங்கள். 99 சதவீதத்துக்கும் 97 சதவீதத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நூறு கிராம் தூசியில் முதலாவது ஒரு கிராமை விடுகிறது, இரண்டாவது மூன்று கிராமை. எஞ்சினுக்குள் போகும் தூசி மூன்று மடங்கு. பேப்பர் ஃபில்டருக்கு இந்த விஷயத்தில் கெட்ட பெயரே கிடையாது. ரேஸ் கார் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் புதுப்பிப்பார்கள். நம் கார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும்.

பிரபல பிராண்டுகளுக்குப் போலிகள் சந்தையில் உண்டு. மடிப்புகள் சீராக இருக்கிறதா, ரப்பர் விளிம்பு மெத்தென்று முழுச்சுற்றும் ஒட்டியிருக்கிறதா, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளை தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

படி 8: சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதே பெட்டிக்குள் உட்காரும் ஃபில்டர் சர்வீஸ் பாகம் போலத்தான். முழு கிட் என்று போனால் இதையும் வாரன்டியையும் யோசித்துவிட்டு, இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுத்தில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

படி 9: மாட்டுவதும் சரிபார்ப்பதும்

எஞ்சின் ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். பழையதைக் கழற்றியவுடன் த்ராட்டில் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். அதற்குள் விழும் ஒரு வாஷர் எஞ்சினையே முடித்துவிடும். முழுக்க அலுமினியமாக இருக்கும் குழாய் வேண்டாம். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது எஞ்சின் மவுன்டில் அசையும். நடுவில் ஒரு சிலிக்கான் அல்லது ரப்பர் துண்டு இல்லையென்றால் குழாய் விரிசல் விடும் அல்லது கிளாம்ப் கழன்றுவரும். சுற்றி இரண்டு செ.மீ. இடைவெளி இருக்கட்டும், முக்கியமாக வயர்களிடமிருந்து.

மாட்டியபின் படி 4இன் இரண்டு அளவுகளையும் மறுபடி எடுங்கள். ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் எண்ணையும் (ஈசியூ எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது) பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகும் அது பத்து சதவீதத்தைத் தாண்டி நின்றால் எங்கோ காற்றுக் கசிவு அல்லது சென்சார் குழப்பம். பிக்கப்புக்கு மூன்றாவது கியரில் 40இலிருந்து 80 வரை எத்தனை விநாடி என்று போன் ஜிபிஎஸ்ஸில், ஒரே சாலையில் இரு திசையிலும் மும்மூன்று முறை பாருங்கள். மாட்டும் முன்பும் இதே அளவு எடுத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். ஆயிரம் கிலோமீட்டரில் வெள்ளைத் துணியால் குழாயின் உட்பக்கத்தைத் துடையுங்கள். துணியில் மாவு வந்தால் அன்றே கழற்றிவிடுங்கள்.

படி 10: பராமரிப்பு

பருத்தி ஃபில்டரை அதற்குரிய கிளீனரில் ஊறவைத்து, உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த வேகத் தண்ணீரில் கழுவுங்கள். நிழலில் தானாகக் காய வேண்டும். ஹேர் டிரையர், கம்ப்ரசர் எதுவும் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே அதற்கான எண்ணெயை மெல்லியதாகத் தடவி, அது முழுக்கப் பரவும்வரை காத்திருங்கள். எஞ்சின் ஆயில் ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

பேப்பர் ஃபில்டர் வைத்திருப்பவர்களிடம் சர்வீஸ் ஸ்டேஷனில் "ஏர் அடிச்சுத் தரேன்" என்பார்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் வேகத்தில் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். மெதுவாகத் தட்டி எடுங்கள், மேனுவலில் சொன்ன கிலோமீட்டருக்கு மாற்றுங்கள். தூசி ரோட்டில் ஓட்டுபவர்கள் அதற்குச் சற்று முன்பே மாற்றலாம்.

முழு கிட் போட்டவர்கள் கழற்றிய கம்பெனிப் பெட்டி, மூக்குக் குழாய், கிளிப், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். எனக்கு ஒரு ரப்பர் புஷ் தொலைந்துபோய், அதற்காக இரண்டு வாரம் அலைய வேண்டியிருந்தது.